முப்பதில் முப்பத்தாறு

கடிதம் என் பெயருக்கு வரவில்லை. வண்டி வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, அதனால் அவர் பெயருக்கு வந்தது. சனிக்கிழமை காலை. நான் உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து குரல்: "மார்ச் நாலாம் தேதி காலைல ஏழு பன்னிரண்டுக்கு வண்டி யார்கிட்ட இருந்துச்சு?"

கேட்ட தொனியே சரியில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மணிக்கு 30 மைலுக்குள் போக வேண்டிய சாலையில் 36 மைல் வேகத்தில் போனதாகக் கேமரா பிடித்திருக்கிறது. ஓட்டியவர் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. நேராக மாடிப்படிக்குப் போய் மகனைக் கூப்பிட்டேன். அவன் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பிரிட்டனில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் முதல் 2 வருடத்துக்குள் 6 தண்டனைப் பாயிண்ட் சேர்த்துவிட்டால் லைசென்ஸ் ரத்து. திரும்ப எல்-போர்டு மாட்டி, தியரி, பிராக்டிகல் என்று ஆதியிலிருந்து தொடங்க வேண்டும். வேகத்துக்கு ஒரு தடவை மாட்டினால் 3 பாயிண்ட். ஒரே கடிதத்தில் பாதி போய்விடும். இந்தக் கணக்கை அவன் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து தினமும் அவன் காதில் ஓதி வருகிறேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கி வந்தான். போனில் காலண்டரைப் பார்த்தான். "அது செவ்வாய்க்கிழமைம்மா. நான் பஸ்ல காலேஜ் போனேன்."

செவ்வாய்க்கிழமை. ஏழு பன்னிரண்டு. கையில் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றேன். செவ்வாய்க்கிழமைகளில் ஏழு மணிக்கு முன்னால் இந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆள் ஒருத்திதான்.

அப்பாவும் மகனும் ஒன்றும் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உப்புமா அடிப்பிடித்துவிட்டது.

நான் கம்யூனிட்டி நர்ஸ். ரெடிங் பக்கம் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, இன்சுலின் போடுவது. காலையில் முதல் சுற்று இன்சுலின். தானே போட்டுக்கொள்ள முடியாத வயதானவர்கள், கண் தெரியாதவர்கள். ஊசி போட்ட பிறகுதான் அவர்கள் சாப்பிட முடியும். முதல் வீட்டில் ஐந்து நிமிடம் கூடினால் நாலாவது வீட்டில் ஒருவர் காய்ந்த வயிற்றோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சாக்குதான்.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் முதலில் செய்த காரியம், விரல் விட்டு நாள் எண்ணியது. போலீஸ் நிறுத்தாமல் கேமராவில் மட்டும் மாட்டினால், 14 நாளுக்குள் வண்டியின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வழக்கு நிற்காது. எங்கோ கேள்விப்பட்டு வைத்திருந்தார், அது சரியும்கூட. எங்களுக்கு வந்தது 11ஆம் நாள். "இன்னும் நாலு நாள் லேட்டா வந்திருந்தா..." என்றார். தபால்காரர்மேல் அன்று அவருக்கு வந்த கோபம் என்மேல் வரவில்லை, அந்த வகையில் நல்லவர்.

அப்புறம் ஹாரோவிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் போன். இருபத்தைந்து வருடமாக லண்டனில் இருப்பவர், எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பார். "போன மாசம் அம்மா ஊர்லேருந்து வந்திருந்தாங்கல்ல, அவங்க ஓட்டினதா எழுதிடு. அவங்க திரும்பிப் போயாச்சு, யார் கேக்கப் போறா?" என்றார். என் மாமியார் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அவர் 36 மைல் வேகத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தோம். ஆனால் இப்படி எழுதிக் கொடுப்பது சிரிக்கிற விஷயமே அல்ல. கிறிஸ் ஹூன் என்று ஒரு அமைச்சர் இருந்தார். 2003இல் அவர் வேகமாகப் போனதற்கான பாயிண்டைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டார் அவருடைய மனைவி விக்கி பிரைஸ். பத்து வருடம் கழித்து, 2013இல், நீதியின் போக்கைத் திரித்த குற்றத்துக்கு இருவருக்கும் ஆளுக்கு 8 மாதம் சிறைத் தண்டனை. 3 பாயிண்டோடு போயிருக்க வேண்டியது.

பதிலே எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். 28 நாளுக்குள் ஓட்டியவர் யார் என்று சொல்லாவிட்டால் அது தனிக் குற்றம்: 6 பாயிண்ட், 1,000 பவுண்டு வரை அபராதம். வேகமாகப் போனதைவிட வாய் திறக்காததற்குத்தான் தண்டனை அதிகம். அன்று மாலையே வீட்டுக்காரர் என் பெயரை எழுதி அனுப்பினார். என் பெயரை இவ்வளவு அழகான கையெழுத்தில் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

அடுத்து என் பெயருக்கே வந்தது கடிதம். மூன்று வழி. ஒன்று, ஸ்பீடு அவேர்னஸ் கோர்ஸ். பணம் கட்டி ஒரு வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது, லைசென்ஸில் எதுவும் ஏறாது. இரண்டு, 100 பவுண்டு அபராதமும் 3 பாயிண்டும். மூன்று, கோர்ட்டுக்குப் போய் வாதாடுவது. மூன்றாவதை யாரும் பேசவே இல்லை.

கோர்ஸ் எல்லாருக்கும் கிடைக்காது. 30 சாலையில் 35 முதல் 42 வரை போனவர்களுக்குத்தான் பொதுவாகத் தருவார்கள். வரம்பில் பத்து சதவீதமும் அதற்குமேல் 2 மைலும் சேர்த்தால் 35, அதுதான் தொடக்கக் கோடு. 42க்கு மேலே போனால் பாயிண்டுதான். இங்கே இன்னொன்று. கார் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சட்டம், கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதனால் கேமரா 36 என்றால் என் முன்னால் முள் 37, 38 என்று காட்டியிருக்கும். நான் பார்க்கவில்லை. என் கண் டாஷ்போர்டு கடிகாரத்தில் இருந்திருக்கும்.

இனி சாப்பாட்டு மேஜை மாநாடு.

வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவர். எதையும் எக்செல்லில் போடாமல் அவருக்கு ஓடாது. பாயிண்ட் லைசென்ஸில் 4 வருடம் நிற்கும். அதில் 3 வருடம் கூட்டலுக்குக் கணக்கு. 3 வருடத்துக்குள் 12 சேர்ந்தால் குறைந்தது 6 மாதம் வண்டியைத் தொட முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் 5 வருடத்துக் கதையைக் கேட்கும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கோர்ஸ், 92 பவுண்டு. இடத்துக்கு இடம் கட்டணம் மாறும், எனக்குக் கிடைத்தது 92. அபராதத்தைவிட 8 பவுண்டுதான் குறைவு, கூடவே அரை நாள் லீவு. இவ்வளவும் போட்டுவிட்டு அவர் வந்து சேர்ந்த முடிவு என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"பாயிண்டை எடுத்துக்க" என்றார்.

காரணம்: கோர்ஸ் 3 வருடத்துக்கு ஒரு தடவைதான். இப்போது அதைச் செலவழித்துவிட்டால் அடுத்த தடவை மாட்டும்போது கையில் இருக்காது. இப்போது 36, சின்ன விஷயம். அடுத்தது 41 ஆக இருக்கலாம், அல்லது நேரம் கெட்ட நேரத்தில் வரலாம். அப்போது கோர்ஸ் கைகொடுக்கும். கூப்பனைப் பத்திரமாக வைத்திரு என்கிறார்.

மகன் கோர்ஸ் கட்சி. அவன் கவலை வேறு. எங்கள் பாலிசியில் அவன் பெயரும் இருக்கிறது, பதினெட்டு வயதுப் பையனைச் சேர்த்ததற்கே பிரீமியம் எங்கேயோ போயிருக்கிறது. அதே பாலிசியில் அம்மாவுக்குப் பாயிண்டும் ஏறினால் அப்பா அவன் பெயரைத்தான் முதலில் எடுப்பார் என்று பயம். நியாயமான பயம்.

வேலையிடத்தில் என்னோடு சுற்றுப் போகும் சிநேகிதி, கேரளத்துக்காரர், பாயிண்ட் கட்சி. "காசைக் கட்டு, மூணு பாயிண்டை வாங்கு, வாயை மூடு. யார் முன்னாலயும் போய் உக்காராதே" என்றார். அவர் அப்படித்தான் செய்தாராம்.

மூன்று நாள் இந்தப் பேச்சு ஓடியது. நாலாம் நாள் ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் எல்லாருடைய கணக்கிலும் 'அடுத்த தடவை' என்று ஒரு வரி இருக்கிறது. நான் இன்னும் மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டுவேன் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எக்செல்லில் அதற்குத் தனியாக ஒரு கட்டமே இருக்கிறது, மஞ்சள் நிறத்தில். "என்னங்க, நான் திரும்பவும் மாட்டுவேன்னு எப்படி அவ்வளவு உறுதியா இருக்கீங்க?" என்று கேட்டேன். "பழக்கம்தானே" என்றார், தலையைத் தூக்காமல்.

அது சுட்டது. ஏனென்றால் சரியாகச் சொன்னார்.

ஆனாலும் உடனே கோர்ஸை எடுத்துவிடவில்லை. என்னைத் தடுத்தது பணமும் இல்லை, லீவும் இல்லை. வெட்கம். ஜூமில் பத்துப் பேர் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு, "நான் வேகமாகப் போனேன்" என்று உட்கார வேண்டும். அதில் என் பேஷன்ட் ஒருவரின் மகளோ மருமகனோ இருந்தால்? சுவெல்லா பிரேவர்மன் கதை ஞாபகம் வந்தது. 2022இல் வேகமாகப் போய் மாட்டினார். உள்துறை அமைச்சராக ஆன பிறகு, மற்றவர்களோடு சேர்ந்து உட்காராமல் தனக்கு மட்டும் தனியாகக் கோர்ஸ் நடக்குமா என்று அதிகாரிகளை விசாரிக்கச் சொன்னதாக 2023 மே மாதம் செய்தி வெளியாகி, நாடாளுமன்றம் வரைக்கும் போனது. கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது பாயிண்டைத்தான். அப்போது டீ குடிக்கும் அறையில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சட்டம் ஒழுங்கைப் பார்க்க வேண்டியவர் என்று அவரைக் கேலி செய்தோம். இப்போது அந்த அம்மாவின் கூச்சம் மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இன்னொரு பக்கம் என் லைசென்ஸ். ஊரில் எட்டு வருடம் ஸ்கூட்டி ஓட்டியவள் நான். இங்கே வந்தால் இந்திய லைசென்ஸ் 12 மாதத்துக்குத்தான் செல்லும், அப்புறம் இந்த ஊர் டெஸ்ட். முதல் தடவை ரவுண்டானாவில் தோற்றேன். இரண்டாவது தடவை கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று தோற்றேன். மூன்றாவது தடவை, முப்பத்துநாலு வயதில், பாஸ். அந்தப் பிங்க் அட்டையில் பதினோரு வருடமாக ஒரு கீறல் இல்லை. பாயிண்டை எடுத்தால் லைசென்ஸ் பதிவில் வேகக் குற்றத்துக்கான எஸ்.பி. 30 என்ற குறியீடு ஏறும், வருடா வருடம் வேலையிடத்தில் லைசென்ஸைச் சரிபார்க்கும்போது மேலாளர் அதைப் பார்ப்பார். கார் ஓட்டாமல் என் வேலை இல்லை.

இன்சூரன்ஸுக்குப் போன் போட்டேன். கோர்ஸ் என்பது தண்டனைக் கணக்கில் சேராது, ஆனால் சில கம்பெனிகள் தனியாக அதையும் கேட்கும், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். கேட்காவிட்டால் நாமாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. போனை வைத்த கையோடு கோர்ஸுக்குப் பணம் கட்டினேன். வீட்டுக்காரர் எக்செல்லை மூடிவிட்டு, "உன் இஷ்டம்" என்றார். கல்யாணமான எல்லாருக்கும் அந்த இரண்டு சொல்லின் அர்த்தம் தெரியும்.

ஒரு புதன்கிழமை மதியம், படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டே முக்கால் மணி நேரம். முதலில் ஒவ்வொருவராகத் தனியே அழைத்து லைசென்ஸைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார்கள். கேமராவை அணைக்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது, தாமதமாக வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பரீட்சை எதுவும் இல்லை. ஒன்பது பேர் இருந்தோம். வேனில் பார்சல் போடுகிற ஒரு இளைஞர், கைக்குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண், டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். ஐம்பது வருடமாக ஓட்டுகிறேன், இதுதான் முதல் கடிதம் என்று அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நான் மூச்சு விட்டேன்.

நடத்திய பெண்மணி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவே இல்லை. ஒரு தெருவின் படத்தைக் காட்டி, இங்கே வேக வரம்பு என்ன என்றார். பலகை எதுவும் இல்லை. நடுவில் தடுப்பு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வழி. நான் 40 என்றேன். வேன் பையன் 50 என்றான். பெரியவர்கூட 40. விடை 30. விளக்குக் கம்பங்கள் 183 மீட்டருக்குள் அடுத்தடுத்து நின்றால், வேறு பலகை இல்லாதவரை அது 30 சாலை. எத்தனை வழி இருந்தாலும் சரி. 30 என்று வழிநெடுக நினைவூட்டிக்கொண்டே வரமாட்டார்கள், கம்பம்தான் பலகை. வேல்ஸ் போனால் 2023 செப்டம்பரிலிருந்து அதே கம்பம் 20 என்று சொல்கிறது. தியரி டெஸ்ட்டுக்கு இதை நெட்டுருப் போட்டிருப்பேன். பதினோரு வருடத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் மாட்டிய சாலையும் அப்படித்தான். 40இல் வந்து, 30 பலகை தாண்டி, அகலம் மாறாமல் அப்படியே நீளும். அகலத்தைப் பார்த்து ஓட்டியிருக்கிறேன்.

பிறகு, ஏன் அவசரம் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் இன்சுலின் கதையைச் சொன்னேன். எல்லாரும் தலையசைத்தார்கள், குழந்தைக்காரப் பெண் நெஞ்சில் கைகூட வைத்தாள். நடத்தியவர் மட்டும், "அந்தச் சாலை எவ்வளவு தூரம்?" என்றார். ஒன்றரை மைல். "எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்?" நான் காகிதத்தில் போட்டேன். 30இல் போனால் 3 நிமிடம். 36இல் போனால் இரண்டரை. மிச்சம் 30 விநாடி.

இன்சுலின் பேனாவை அழுத்திய பிறகு ஊசியை உடனே எடுக்கக் கூடாது. மருந்து வெளியே கசியாமல் இருக்கப் பத்து எண்ண வேண்டும். நான் வாய்விட்டு எண்ணுவேன், சில பேஷன்ட்டுகள் என்னோடு சேர்ந்து எண்ணுவார்கள். மூன்று வீட்டில் மூன்று பத்து. அவ்வளவுதான் நான் அந்தச் சாலையில் சம்பாதித்தது, அதுவும் எதிரே சிக்னல் எல்லாம் பச்சையாக இருந்திருந்தால்.

இதை ராத்திரி மகனிடம் சொன்னேன். அவனுக்குக் கணக்குப் பாடம் பிடிக்கும். ஹைவே கோடு என்ற சாலை விதிப் புத்தகத்தில் உள்ள தூரங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். 30இல் வரும் கார் முழுதாக நிற்க 23 மீட்டர் ஆகும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் 9 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு 14. வேகம் கூடினால் பிரேக் தூரம் அதே அளவில் கூடாது, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 36க்குப் போட்டால் நிற்க 31 மீட்டர் வந்தது. "சரி, எட்டு மீட்டர்தானே, ரெண்டு கார் நீளம்" என்றேன். "அது இல்லம்மா. 30ல வந்த கார் நின்னுடற அந்த 23வது மீட்டர்ல நீ எவ்வளவு வேகத்துல இருப்பன்னு பாரு" என்று பென்சிலைத் திருப்பிக் காட்டினான். 22 மைலுக்கு மேல். அந்தக் கார் நிற்கிற இடத்தில் நான் இன்னும் 22 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பேன்.

காகிதத்தை அவன் மடித்து வைக்கப் போனான். நான் வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க வந்து அதைப் படித்துவிட்டு, பிரேக் தூரத்தில் தசமப் புள்ளியை ரவுண்ட் பண்ணியது தப்பு என்றார்.

கோர்ஸில் சொன்ன ஒரு உபாயம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது: மேனுவல் வண்டி என்றால் 30 சாலையில் மூன்றாவது கியரிலேயே போ. என் வண்டியில் நாலாவதில் 36 போனாலும் சத்தமே தெரியாது, வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவதில் 33ஐத் தொட்டாலே எஞ்சின் முனக ஆரம்பிக்கும். முள்ளைப் பார்க்க வேண்டாம், காது சொல்லிவிடும்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அப்படித்தான் போகிறேன். பின்னால் வருபவர்களுக்குப் பிடிப்பதில்லை. போன வாரம் ஒரு வெள்ளை வேன் என் வண்டியின் பின்பக்கத்தையே முட்டிவிடுவது போல ஒன்றரை மைலும் வந்தது, விளக்கை அடித்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. ஆனாலும் மூன்றாவதை விட்டு மாற்றவில்லை.

நாலாவது வீட்டுப் பெரியவர் வழக்கம்போல ஜன்னலோரம். தட்டில் டோஸ்ட் ஆறிக் கிடந்தது. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டிராஃபிக்கா?"

"ஆமாம்" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினோம்.